நல்ல தண்ணியிலும் அரிக்கும்! - கொச்சிக் கப்பல் முதல் கங்கை ஜெட் போட் வரை

துருன்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்கு உடனே ஞாபகம் வர்றது பாம்பன் பாலம்தான். உப்புக்காத்து, அலை, வருஷம் முழுக்க பெயிண்ட் அடிக்கிற ஆட்கள்... 1914ல் திறந்த அந்தப் பழைய பாலம் 2022 டிசம்பரோட ரயிலுக்கு விடை சொல்லி, 2025 ஏப்ரல்ல புதுப் பாலமும் வந்தாச்சு. கடல்னா அரிக்கும், ஏரின்னா அரிக்காது. இதுதான் பொதுவா நம்ம கணக்கு. கள்ளிக்குப்பத்துல உட்கார்ந்திருக்கிற எனக்குக் கடல் கிழக்கே ரொம்ப தூரம். பக்கத்துல இருக்கிறது கொரட்டூர் ஏரி, கொஞ்சம் வடக்கே போனா புழல். அப்ப நமக்கும் இந்த அரிப்புக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்கலாம்.

சம்பந்தம் இருக்கு. நல்ல தண்ணியில ஓடுற ஜெட் போட்டோட அடிப்பாகம் எப்படி அரிக்குது, ஏன் கடல்ல உதவுற வைத்தியம் ஏரியில உதவ மாட்டேங்குதுன்னு தேடப்போய், இருநூறு வருஷத்துக் கதை ஒண்ணு மாட்டிச்சு. அதுல கொச்சியில கட்டின கப்பல் வருது, எவரெஸ்ட் ஹிலாரி வர்றார், காரைக்குடி அழகப்பச் செட்டியார் வர்றார், நம்ம வீட்டு கீசர் கூட வருது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க :)

முதல்ல ஜெட் போட்னா என்னன்னு சொல்லிடறேன். சாதாரண மோட்டார் போட்டுக்குப் பின்னாடி தண்ணிக்குள்ள ஒரு காத்தாடி (ப்ரொப்பெல்லர்) சுத்தும். ஜெட் போட்ல அது கிடையாது. போட்டோட அடியில ஒரு சல்லடை வழியா தண்ணிய உறிஞ்சி, ஒரு குழாய்க்குள்ள இம்பெல்லர் வெச்சு அழுத்தி, பின்னாடி ஒரு மூக்கு வழியா பீச்சி அடிக்கும். தீபாவளி ராக்கெட் மாதிரி, புகைக்குப் பதிலா தண்ணி. வயலுக்கு இறைக்கிற பம்ப்செட்டைத் தூக்கிப் போட்ல படுக்க வெச்சதா நினைச்சுக்கங்க. அவ்ளோதான்.

இந்த யோசனை ரொம்பப் பழசு. 1787 டிசம்பர்ல அமெரிக்காவுல பொட்டோமாக் ஆத்துல ஜேம்ஸ் ரம்சேன்னு ஒருத்தர் நீராவி பம்பால தண்ணிய பீச்சி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். ஆனா உருப்படியா வேலை செய்ய வெச்சது நியூசிலாந்துக்காரர் பில் ஹாமில்டன். 1899ல பிறந்தவர். தெற்குத் தீவுல ஐரிஷ்மேன் க்ரீக்னு ஒரு ஆட்டுப் பண்ணை. அந்தப் பக்கத்து ஆறுகள் எல்லாம் கூழாங்கல்லு மேல ஓடுற, முழங்கால் ஆழம்கூட இல்லாத, வேகமான ஆறுகள். காத்தாடி வெச்ச போட் போனா முதல் கல்லுலயே காத்தாடி காலி. மனுஷன் 1950கள்ல உட்கார்ந்து ஜெட்டைப் பிடிச்சுத் திருத்த ஆரம்பிச்சார். முதல்ல பீச்சுற மூக்கு போட்டுக்கு அடியில இருந்தது, வேகம் வரலை. மூக்கைத் தண்ணி மட்டத்துக்கு மேல தூக்கி வெச்சதும் பிச்சுக்கிட்டுப் போச்சு. 1960ல அமெரிக்காவோட கொலராடோ ஆத்துல, அந்தப் பெரிய பள்ளத்தாக்கு வழியா, ஓட்டத்துக்கு எதிரா மேல ஏறிக் காட்டினாங்க. அதுக்கப்புறம் உலகம் நம்பிச்சு. 1974ல அவருக்கு சர் பட்டமும் வந்தது.

(நம்ம ஆவடின்னா டாங்க் ஞாபகம் வரும் இல்லையா, ஒரு குறுக்குத் தகவல்: சோவியத்ல செஞ்ச பிடி-76 டாங்குக்குப் பின்னாடி ரெண்டு தண்ணி ஜெட் உண்டு. அது மிதந்து போறதே அதாலதான். 1971 நவம்பர்ல வங்காளத்துல கரீப்பூர் சண்டையில நம்ம ராணுவம் இறக்கினது அதைத்தான். ஆவடியில செஞ்ச விஜயந்தாவுக்கு அந்த வித்தை தெரியாது.)

சரி, இந்தியாவுல ஜெட் போட் பேர் வாங்கின கதைக்கு வருவோம். 1977. எவரெஸ்ட் ஏறி இருபத்து நாலு வருஷம் கழிச்சு எட்மண்ட் ஹிலாரிக்கு ஒரு ஆசை. கங்கை கடல்ல கலக்குற இடத்துலேர்ந்து கிளம்பி, ஓட்டத்துக்கு எதிரா இமயமலை வரைக்கும் போட்லயே போகணும், அப்புறம் நடந்து ஒரு சிகரம் ஏறணும். 'கடலிலிருந்து வானத்துக்கு'ன்னு பயணத்துக்குப் பேர். மூணு ஹாமில்டன் ஜெட் போட். கங்கா, கிவி, ஏர் இந்தியான்னு பேர் வெச்சிருந்தாங்க. ஓட்டினவர்கள்ல பில் ஹாமில்டனோட மகன் ஜான் ஹாமில்டனும் உண்டு. ஹிலாரியோட மகன் பீட்டரும் கூட. நம்ம பக்கத்துலேர்ந்து 1965 எவரெஸ்ட் குழுவோட தலைவர் கோலி. கங்கா சாகர்ல கிளம்பி கல்கத்தா, பாட்னா, காசி, அலகாபாத், ஹரித்வார், ரிஷிகேஷ்னு போய் தேவப்பிரயாகைக்கு மேல அலக்நந்தாவுல ஏறினாங்க. செப்டம்பர் கடைசியில நந்தப்பிரயாகை பக்கத்துல ஒரு அருவி, 'போதும்ப்பா'ன்னு நிறுத்திடுச்சு. கிட்டத்தட்ட 1,500 மைல். கரையில ஜனம் லட்சக்கணக்கில நின்னு பார்த்துச்சு. மேல மலையேறும்போது ஹிலாரிக்கே உயரம் ஒத்துக்காம நுரையீரல்ல தண்ணி கோத்து, ஹெலிகாப்டர்ல இறக்கிக் காப்பாத்தினது தனிக்கதை.

எனக்கு இந்தப் பயணத்துல சாகசத்தைவிட வேற ஒண்ணு பிடிச்சது. அந்தப் போட் தொட்ட தண்ணியைப் பாருங்க. ஆரம்பத்துல கடல் உப்பு. கொஞ்ச நாள்ல வங்காளத்து உப்புக்கலந்த தண்ணி. அப்புறம் ஆயிரம் மைலுக்கு மேல நல்ல தண்ணி, அதுவும் மழைக்காலத்து வண்டல் கலங்கின தண்ணி. கடைசியில பனி உருகின மலைத் தண்ணி. ஒரே இயந்திரம், நாலு விதமான தண்ணி. ஒவ்வொண்ணும் உலோகத்தை ஒவ்வொரு விதமா கடிக்கும். ஏன்னு புரியணும்னா இன்னும் ஒரு இருநூறு வருஷம் பின்னாடி போகணும். கொசுவத்தி சுத்துதா? வாங்க.

1761ல பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்'னு ஒரு கப்பலோட அடி மரத்துக்குச் செம்புத் தகடு அடிச்சுது. மரத்தைப் புழு துளைக்காம இருக்கவும், பாசி, சிப்பி ஒட்டாம இருக்கவும். யோசனை பிரமாதம். ஆனா தகட்டை இரும்பு ஆணியால அடிச்சுட்டாங்க. ரெண்டு வருஷம் வெஸ்ட் இண்டீஸ் பக்கம் சுத்திட்டு வந்த கப்பலைத் தூக்கிப் பார்த்தா, பல இடத்துல ஆணிங்க கரைஞ்சு மாவாப் போயிருக்கு, தகடு ஆடுது. ஆனா சில ஆணிங்க மட்டும் புதுசு மாதிரி இருக்கு. ஏன்னு பார்த்தா, தகடு சுத்தி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடத்துல கிழியாம ஆணிக்கும் செம்புக்கும் நடுவுல மாட்டியிருந்திருக்கு! வெறும் காகிதம். வோல்ட்டாவோட மின்கலம் வர்றதுக்கு (1800) கிட்டத்தட்ட நாப்பது வருஷம் முன்னாடி, ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு உப்புத் தண்ணியில நின்னா இளிச்சவாயன் கரைவான்னு அந்தக் காகிதம் சொல்லிடுச்சு.

அதுக்குக் காரணம் சொன்னது ஹம்ப்ரி டேவி. சுரங்க விளக்கு கண்டுபிடிச்ச அதே டேவி. செம்புத் தகடே கடல்ல சீக்கிரம் கரையுதுன்னு கடற்படை 1823ல ராயல் சொசைட்டிகிட்ட போய் நின்னுச்சு. டேவி 1824 ஜனவரியில பதில் சொன்னார்: செம்போட ஒரு சின்னத் துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ தொட வெச்சிடுங்க. அது கரையும், செம்பு பிழைக்கும். இன்னைக்கு நாம பலி உலோகம், ஆனோடுன்னு சொல்றோமே, அதோட பிறப்பு இதுதான்.

இதைப் பரிசோதிச்ச கப்பல்கள்ல ஒண்ணு 'சமாராங்'. எங்கே கட்டினது தெரியுமா? கொச்சியில! தேக்குல கட்டி 1822ல கடல்ல இறங்கின 28 பீரங்கிக் கப்பல். செம்புத் தகடு அடிச்சதும் இந்தியாவுலதான். அதுல வார்ப்பிரும்புக் கட்டிகளை மாட்டி அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினாங்க. 1825 ஆரம்பத்துல திரும்பி வந்தப்ப செம்பு நல்லா இருந்துச்சு. டேவி சொன்னது சரி. ஆனா வேற ஒரு கூத்து நடந்துச்சு. செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரையறதாலதான் அந்த விஷத்துல பாசியும் சிப்பியும் ஒட்டாம இருந்தது. கரையறதை நிறுத்தினதும் பல கப்பல்ல அடியில காடு மாதிரி மண்டிடுச்சு. கப்பல் வேகம் படுத்துடுச்சு. அதே வருஷமே கடற்படை அந்தக் கட்டிகளைக் கழட்டச் சொல்லிடுச்சு. பாவம் டேவி, 1829ல ஜெனீவாவுல செத்துப்போனார். கணக்கு சரியா போட்டும் பேர் கெட்டுப்போனது அவருக்குத்தான். இரும்புக் கப்பல்கள் வந்ததும் அதே வைத்தியத்தைத்தான் உலகம் பூரா எடுத்துக்கிட்டாங்க.

அடுத்த உலோகம் அலுமினியம். இதுலயும் நம்ம சென்னைக்கு ஒரு பங்கு இருக்கு. 1898ல மெட்ராஸ் ஓவியப் பள்ளியில, எழும்பூர் பக்கம் இப்பவும் நிக்கிற அதே பள்ளிக்கூடத்துல, ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் அடிக்கக் கத்துக் கொடுத்தார். சில வருஷத்துல அந்தத் தொழிலைத் தனியார் கம்பெனி ஒண்ணு எடுத்துக்கிச்சு. அப்புறம் 1960கள்ல மேட்டூர்ல காவிரிக்கரையில மால்கோ வந்து அலுமினியத்தையே உருக்கிச்சு. அந்த உருக்காலை இப்ப ஓடலை. 'அலுமினியப் பாத்திரத்துல புளிக்குழம்பு வைக்காதே'ன்னு நம்ம பாட்டிங்க சொன்னாங்களே, அது சரியான ரசாயனம். அலுமினியத்துக்குத் துரு பிடிக்காதுன்னு சொல்றது பாதி உண்மை. காத்துப் பட்டதும் அதுமேல கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோல் உருவாகும். அந்தத் தோல்தான் அதோட கவசம். தண்ணி ரொம்பப் புளிப்பா இருந்தாலும் தோல் கரையும், ரொம்பக் காரமா (சோப்பு, சுண்ணாம்பு மாதிரி) இருந்தாலும் கரையும். ரெண்டு பக்கமும் அடி வாங்குற மத்தளம்.

இப்ப ஜெட் போட்டைப் பாருங்க. வெளிக் கூடு (கேசிங்) அலுமினிய வார்ப்பு. உள்ள சுத்துற இம்பெல்லரும் தண்டும் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். போல்ட்டும் ஸ்டெயின்லெஸ். சில யூனிட்ல வெண்கல புஷ் வேற. அலாரம் கப்பலோட ஆணிக்கதை அப்படியே திரும்பி வருது, இந்தத் தடவை இளிச்சவாயன் அலுமினியம்.

இதையெல்லாம் நான் தேட ஆரம்பிச்சது ஒரு ஆர்கான் வெல்டிங் அண்ணனாலதான். அம்பத்தூர் எஸ்டேட் பின்பக்கம் சின்னப் பட்டறை வெச்சிருக்கார். ஒரு நாள் போனப்ப மேசைமேல பூசணிக்காய் சைஸுல ஒரு அலுமினியக் கூடு. எங்கேயோ ஒரு அணைக்கட்டு ஏரியில ஓடுற சின்ன ஜெட் போட்டோடது. உள்பக்கம் பூரா அம்மைத் தழும்பு மாதிரி குழி, குழிக்கு மேல வெள்ளை வெள்ளையா மாவு. கூட்டு மேல மாட்டியிருந்த சிங்க் கட்டியை மட்டும் எடுத்துக் காட்டினார்.

"தம்பி, இதைப் பாரு. மூணு வருஷம் தண்ணியில இருந்துதாம். ஒரு கிராம்கூட கரையலை. கட்டி முழுசா இருக்கே, அப்ப பாதுகாப்பாத்தான் இருக்குன்னு போட்டுக்காரர் விட்டுட்டார்."

"கரையலைன்னா வேலை செய்யலைன்னுதானேண்ணே அர்த்தம்?"

"அதான் எனக்கும் தோணுது. ஆனா ஏன் கரையலை? நீதான் புக்கு படிக்கிற ஆளாச்சே, பார்த்துச் சொல்லு. அடுத்த மழைக்கு அந்தப் போட் தயாரா இருக்கணுமாம். வெள்ளம் வந்தா ஆளுங்களை ஏத்துறதுக்கும் அதைத்தான் கேப்பாங்களாம்."

வெள்ளம்னதும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. 2015லயும், 2023 மிக்ஜாம் புயல்லயும் நம்ம பக்கம் தெருவுல போட் ஓடினதை எல்லாரும் பார்த்தோம். அந்த நேரத்துல வந்து நிக்கிற போட் வருஷத்துல பதினோரு மாசம் எங்கேயாவது சும்மா கிடந்ததுதான். சும்மா கிடக்கிற தண்ணிக்குள்ளதான் அரிப்பு அமைதியா வேலை பார்க்கும்.

ஏன் கரையலைங்கிறதுக்கு வர்றேன். கடல் தண்ணி மின்சாரத்தைக் கடத்துறதுல நல்ல ஏரித் தண்ணியைவிட நூறு மடங்குக்கும் மேல. இதனால ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, ஏரியில பலி உலோகத்தோட பாதுகாப்பு ரொம்ப தூரம் எட்டாது. கடல்ல போட்டோட பின்பக்கம் மாட்டின கட்டி மொத்த அடிப்பாகத்தையும் காப்பாத்தும். ஏரியில அது பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரல். குழாய்க்குள்ள இம்பெல்லர் பக்கத்துல நடக்கிற அரிப்பு அதுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டாவது, சிங்க்கே நல்ல தண்ணியில கொஞ்ச நாள்ல கெட்டியா ஒரு ஓடு போர்த்திக்கிட்டுத் தூங்கிடும். கடல்ல உப்பு அந்த ஓட்டை உடைச்சுக்கிட்டே இருக்கும். ஏரியில உடைக்க ஆள் இல்லை. அதுவுமில்லாம சிங்க்குக்கும் அலுமினியத்துக்கும் நடுவுல இருக்கிற மின்னழுத்த வித்தியாசமே சுமார் கால் வோல்ட்தான். தடை அதிகமான தண்ணியில அந்தக் கால் வோல்ட் எதைத் தள்ளும்?

அதனால நல்ல தண்ணிக்கு மக்னீசியம். அலுமினியத்தோட ஒப்பிட்டா முக்கால் வோல்ட்டுக்கு மேல தள்ளும். 'மக்னீசியமா? அதெல்லாம் எங்கே பார்க்கிறது'ன்னு கேக்குறீங்களா? உங்க வீட்டு கீசருக்குள்ள பெரும்பாலும் ஒரு மக்னீசியக் குச்சி தொங்கிக்கிட்டு இருக்கும், தொட்டி ஓட்டையாகாம இருக்க. சர்வீஸ் பண்ண வர்ற பையன் கழட்டினா நூலாப் போயிருக்கும், பார்த்திருப்பீங்க. அது நல்ல தண்ணி, இதுவும் நல்ல தண்ணி. ஒரே தத்துவம். அண்ணன்கிட்ட கீசர் உதாரணம் சொன்னதும் சட்டுனு பிடிச்சுக்கிட்டார். "அட, அந்தக் குச்சியா!"ன்னார்.

அதே மக்னீசியத்தைக் கடல்ல மாட்டினா ஆபத்து. ரொம்ப வேகமாத் தள்ளி, அலுமினியத்தைச் சுத்தி தண்ணியைக் காரமாக்கிடும். பெயிண்ட் கொப்புளம் விடும், அப்புறம் அலுமினியமே கரையும். மத்தளம் கதைதான். ரெண்டுக்கும் நடுவுல, உப்புக் கலந்த கழிமுகத் தண்ணிக்கு, கொஞ்சம் இண்டியம் கலந்த அலுமினிய ஆனோடு ஒத்து வரும். கங்கா சாகர்லேர்ந்து நந்தப்பிரயாகை வரைக்கும் போன போட்டுக்கு எந்த ஒரு கட்டியும் வழி முழுக்கப் பொருத்தமா இருந்திருக்க முடியாதுன்னு இப்ப புரியுதா?

தமிழ்நாட்டுல இந்த வேலைக்குன்னே ஒரு இடம் இருக்கு, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25ல நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்துல, அப்போ துணை ஜனாதிபதியா இருந்த ராதாகிருஷ்ணன் திறந்து வெச்சார். செட்டிநாட்டு வறண்ட பூமியில எதுக்குக் கடல் அரிப்பு ஆராய்ச்சின்னு கேட்கலாம், அவங்க மண்டபத்துலயும் தூத்துக்குடியிலயும் உலோகத் தகடுகளைக் காத்துலயும் கடல்லயும் வெச்சுப் பார்த்தவங்க. மக்னீசியம் பிரிக்கிறது, பலி உலோகக் கலவைகள்னு நிறைய வேலை செஞ்சிருக்காங்க. சேலத்துச் சுண்ணாம்பு மலை, சாக் ஹில்ஸ்னு சொல்வோமே, அந்த வெள்ளைக் கல்லும் மக்னீசியத் தாதுதான். பெரும்பாலும் உலைச் செங்கலுக்குத்தான் போகுது. என்னைக் கேட்டா பள்ளிப் புத்தகத்துல டேவிக்கு ஒரு பக்கம் கொடுக்கிறதுக்கு, காரைக்குடிக்கும் ஒரு அரைப்பக்கம் கொடுக்கலாம்.

இனி பட்டறை விஷயம். அண்ணன் அந்தக் கூட்டை எப்படிச் சரி பண்ணினார்னு கூடவே நின்னு பார்த்தேன், அதைச் சொல்லிடறேன். யாருக்காவது உதவும். அவுட்போர்டு மோட்டார் வெச்சிருக்கிறவங்களுக்கும் முக்கால்வாசி இதே கதைதான்.

முதல்ல கழுவல். நல்ல தண்ணி, நைலான் பிரஷ். சாதா இரும்புக் கம்பி பிரஷ் தொடக்கூடாதுன்னு பையனைத் திட்டிக்கிட்டே இருந்தார். இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சா ஒவ்வொரு துகளும் ஒரு புது வியாதி. வெள்ளை மாவு போனதும்தான் குழியோட ஆழம் தெரியும். மேல பார்த்தா மிளகு சைஸ், உள்ள நோண்டினா கொத்தமல்லி விதை, சிலது புளியங்கொட்டை. பளபளன்னு நல்ல உலோகம் வர்ற வரைக்கும் தோண்டினார். மாவை உள்ள விட்டுட்டு மேல பூசினா மூடி வெச்ச புண்தான், உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டே போகும்.

ஆழமான குழிக்கு ஆர்கான் வெல்டிங். வார்ப்பு அலுமினியத்துல இதுதான் கஷ்டம். தண்ணியில ஊறின வார்ப்பு, எண்ணெய் குடிச்ச வார்ப்பு, சூடு பட்டதும் நுரைச்சு நுரைச்சு ஓட்டை விழும். அதனால முன்னாடியே மெதுவா சூடு ஏத்தி ஈரத்தை விரட்டணும். சிலிக்கான் கலந்த குச்சி (4043ன்னு கேட்டா கடையில தெரியும்). பவுண்டரிக்காரங்க எல்.எம்.6ன்னு சொல்ற கலவை தண்ணிக்கு நல்லாத் தாங்கும். செம்பு கூட இருக்கிற எல்.எம்.24 மாதிரி கலவை வார்க்கச் சுலபம், தண்ணிக்குள்ள தாங்காது. மலிவா அடிச்சுக் கொடுக்கிற மாத்துப் பாகம் வாங்கும்போது இதை ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

மேலோட்டமான குழிக்கு வெல்டிங் வேண்டாம், அலுமினியப் பொடி கலந்த எபாக்சியே போதும். ஆனா உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, கை படாம, நல்லா காய்ஞ்சதுக்கப்புறம். இம்பெல்லர் சுத்துற வளையத்துக்கு மட்டும் இது நிக்காது. அங்க இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ. அது கூடினாலே தண்ணி பின்னாடி நழுவும், எஞ்சின் கத்தும், போட் நகராது. அந்த வளையத்தை மாத்தினார். கங்கை மாதிரி வண்டல் ஆத்துல முதல்ல தேயறதும் இந்த இடம்தான். மணல் அந்த ஆக்சைடு தோலைத் தேய்ச்சு எடுக்க, தோல் மறுபடி வளர, மறுபடி தேய்க்க... அரிப்பும் தேய்மானமும் கைகோத்துக்கிட்டுப் போகும்.

பெயிண்ட்ல ரெண்டு விஷயம். கேட்டு, கிரில்லுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு இதுக்கு ஆகாது, அலுமினியத்துல பிடிக்கிற எட்ச் பிரைமரும் அதுமேல எபாக்சியும் வேணும். அப்புறம், பாசி பிடிக்காம இருக்க செம்பு கலந்த பெயிண்ட்டை அலுமினியத்துல நேரா அடிக்கவே கூடாது. அடிச்சா அலாரம் கப்பலை நீங்களே திரும்பக் கட்டின மாதிரி. முக்கியமா ஆனோடு மேல பெயிண்ட் படக்கூடாது. 'அழகா இருக்கட்டும்'னு அதுக்கும் சேர்த்து அடிச்சிடறாங்க நம்ம பெயிண்டருங்க!

போல்ட் மாட்டும்போது அண்ணன் ஒவ்வொண்ணுக்கும் நைலான் வாஷர் போட்டு, குரோமேட் கலந்த பேஸ்ட் தடவினார். பையன் கிராஃபைட் கிரீஸ் டப்பாவை எடுத்துட்டு வந்தான். அதுக்கும் ஒரு திட்டு. கிராஃபைட்டும் கரிதான், மின்சாரம் கடத்தும், அலுமினியத்துக்கு அது ஸ்டெயின்லெஸ்ஸைவிட மோசமான பங்காளி. கடைசியில மக்னீசியக் கட்டியை, பழைய சிங்க் இருந்த இடத்துல ஒண்ணும், உறிஞ்சுற வாய்க்குப் பக்கத்துல இன்னொண்ணுமா மாட்டினார். மாட்டுற இடத்தை மட்டும் பளபளன்னு சுரண்டிட்டு, மல்டிமீட்டரை வெச்சுக் கட்டிக்கும் கூட்டுக்கும் தொடர்பு இருக்கான்னு பார்த்தார். ஒரு ஓம்கூட காட்டலை. "இப்ப கரையும் பாரு"ன்னார்.

போட்டுக்காரர் வந்தப்ப அண்ணன் அவர்கிட்ட சொன்னது: மாசம் ஒருக்கா கட்டியைப் பாருங்க, பாதி கரைஞ்சா மாத்துங்க, கரையவே இல்லைன்னா எனக்குப் போன் பண்ணுங்க. ஓடாத நாள்ல போட்டைத் தண்ணியிலேர்ந்து இழுத்துக் கரையில வைங்க, பேட்டரி ஒயரைக் கழட்டுங்க. ஒயர் எங்கயாவது உரசிக் கசிஞ்சா பல வருஷ அரிப்பு சில வாரத்துலயே முடிஞ்சிடும். அவர் செலவைக் கேட்டு ரொம்ப முனகினார். புது யூனிட் விலை இறக்குமதிக் கணக்குல எவ்ளோன்னு அண்ணன் ஒரு தடவை ஞாபகப்படுத்தினதும் முனகல் நின்னுச்சு.

மழைக்கு முன்னாடி கட்டியை ஒரு தடவை கழட்டிக் கொண்டு வந்து காட்டினார். ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி. கூடு அப்படியே இருந்துச்சு.

டிஸ்கி: முட்டுக்காடு, பழவேற்காடு மாதிரி இடத்துல போட் வெச்சிருக்கிறவங்க மேல சொன்ன மக்னீசியத்தை அப்படியே மாட்டிடாதீங்க. அங்க முகத்துவாரம் திறந்திருக்கா மூடியிருக்காங்கிறதைப் பொறுத்து உப்பு ஏறும் இறங்கும், அதுக்கு அந்த அலுமினியக் கட்டிதான். கொரட்டூர் ஏரி மாதிரி சாக்கடை கலக்குற தண்ணியில ஓட்டினா எந்தக் கட்டி இருந்தாலும் சரி, கரையேறினதும் ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்தி உள்ளயும் கழுவிடுங்க.